கடைத்தெருக்களுக்கு மார்க் போட்டவள்

என் மனைவிக்குச் சினிமா, கடற்கரை எதிலும் பெரிய ஆசை கிடையாது. அவளுக்குப் பிடித்ததெல்லாம் சின்ன ஊர்க் கடைத்தெரு. பையன் ஓசூர் பக்கம் வேலைக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு விழுந்தால் போதும், கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிப் பொன்னேரி, மீஞ்சூர், பஸ் கிடைத்தால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று கிளம்பிவிடுவோம். அவள் வாங்குவது பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. பலகைக் கதவு போட்ட பழைய மளிகைக் கடை, மரத்தூண் வைத்த மாடி, நாட்டு மருந்துக் கடையின் வாசனை என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்துக்கொண்டு, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பாள். திரும்பி வரும்போது ரயிலில் மார்க் போடுவாள். பொன்னேரிக்குப் பத்துக்கு எட்டு. பெரியபாளையத்துக்கு ஆறுதான், ஆடி மாதக் கூட்டத்தில் யாரோ காலை மிதித்துவிட்டார்கள் என்ற கோபம். ஊத்துக்கோட்டையில் ஒரு வளையல் கடைக்காரர் இவள் கையைப் பார்த்த மாத்திரத்தில் சரியான அளவை எடுத்துப் போட்டார். அதற்காகவே ஒன்பது.

நான் பார்ப்பது வேறு. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குளிர்பதனப் பிரிவில் எனக்கு வேலை. குழாய்க்குள் ஓடுவது அம்மோனியா. ஒருமுறை வால்வு கசிந்து, என் பக்கத்தில் நின்றவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குள் போன பயம் மட்டும் வெளியே வரவில்லை. கம்பெனி வாசலில் உயரமான கம்பத்தில் ஒரு துணிப்பை கட்டியிருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது காட்டும். வெளியூருக்குப் போனாலும் என் கண் அதைத்தான் தேடும். துணிப்பை இல்லாத ஊரில் கட்சிக் கொடி இருக்கிறதே. எந்தக் கட்சியாக இருந்தால் எனக்கென்ன, எந்தப் பக்கம் பறக்கிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் எந்தச் சந்து எங்கே திறக்கிறது, எது முட்டுச்சந்து என்று பார்த்துவைத்துக்கொள்வேன்.

அவள் சிரிப்பாள். "இன்னாங்க நீங்க, நாஷ்டா துன்ன வந்தமா, காத்து பாக்க வந்தமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்றது உங்களப் பாத்துத்தான் சொல்லிக்கீறாங்க."

நானும் விடமாட்டேன். "கேஸ் வந்துச்சுன்னா துணிய நனைச்சு மூக்குல கட்டிக்கோ. காத்து போற பக்கம் ஓடாத. காத்துக்குக் குறுக்கால நட." சோறு போடும்போது சொல்வேன், பஸ்ஸில் சொல்வேன். அவள் ஜன்னலுக்கு வெளியே எந்தக் கடையின் பெயர்ப்பலகை அழகு என்று பார்த்துக்கொண்டு வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனது கடலும் ஏரியும் பக்கத்தில் இருக்கும் ஒரு ஊருக்கு. பெயர் வேண்டாம். அங்கே கடைத்தெரு என்பது ஒரே தெருதான். வலைக்கடை, வெற்றிலைக்கடை, நீலப் பெயிண்ட் உதிர்ந்த பழைய மாடி வீடுகள். தெருவின் கிழக்கு முனையில், மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் ஐஸ் கம்பெனி. அதன் தகரக் கூரையைப் பார்த்ததுமே என் கண் கொடிக்கம்பத்தைத் தேடியது. பெரிய ஐஸ் கம்பெனிகளிலும் குழாய்க்குள் ஓடுவது பெரும்பாலும் அதே அம்மோனியாதான். கடல்காற்று நேராகத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது.

"போயிடலாம் வா," என்றேன்.

"இப்பத்தான வந்தோம்? நீங்க டீ குடிச்சினு இருங்க. நான் கருவாட்டுச் சந்துல ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

பையை என் தோளில் மாட்டிவிட்டுப் போனாள். நான் டீயை வாங்கி இன்னும் வாயில்கூட வைக்கவில்லை. மூக்கில் சுருக்கென்று குத்தியது. பக்கத்தில் நின்ற பெரியவர், "கக்கூஸ் கழுவல போலக்குது," என்று முகத்தைச் சுளித்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. திரும்பிப் பார்த்தேன். தகரக் கூரைக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை தரையோடு தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"கேஸ்! ஐஸ் கம்பெனி கேஸ்!" என்று கத்தினேன். அப்புறம்தான் தெரு அசைந்தது. எல்லாரும் காற்று போகும் பக்கமே ஓடினார்கள். "நேரா ஓடாதீங்க, பக்கத்துச் சந்துல பூருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கேட்க யார் இருந்தார்கள்? ஒரு கூடை இறால் தெருவில் கொட்டி, அதன்மேல் எல்லாரும் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். போனை எடுத்து அவளுக்கு அடித்தேன். என் தோளில் இருந்த பைக்குள்ளேயே அது பாடியது.

கருவாட்டுச் சந்தின் வாய் புகைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே போகாதே, போனால் இரண்டு பேரும் விழுவீர்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். டீக்கடை வாசலில் தண்ணீர் டிரம் இருந்தது. கழுத்தில் துண்டு இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அப்படியே ஓடினேன்.

கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரிந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சு அடைத்துக்கொண்டது. சந்துக்குள் சாக்கு விரிப்புகள் மேல் வாளையும் நெத்திலியும் குவித்தபடியே கிடந்தன. ஒரு ஆள் இல்லை. ஒரு கடை ஓரமாக அவளுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. வார் அறுந்து, போன வாரம் நானே ஊக்கு குத்திக்கொடுத்த செருப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பெயரைக் கூப்பிட்டேன். இருமல்தான் வந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்தேன். பையனுக்கு எப்படிப் போன் செய்வேன் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இதுவரை வந்ததில்லை. சுவரைத் தடவித் தடவி, வலது பக்கம் திறந்த ஒரு சின்ன இடைவெளி வழியாக வெளியே வந்து விழுந்தேன்.

ஏரிக்கரை. காற்று சுத்தமாக இருந்தது. கருவாடு விற்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் படகுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் நனைந்த முந்தானை. நடுவில் ஒற்றைச் செருப்போடு என் மனைவி, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து வாளியை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.

"துணி எங்க? மூக்குல துணி எங்கயா?" என்று கத்தினாள். என்னை அவள் அப்படி 'யா' போட்டுப் பேசியதே இல்லை. "தெனம் தெனம் சொல்லிச் சொல்லி என் உசுர எடுத்துட்டு, நீ வெறும் மூஞ்சியோட வருவியா?" அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணெரிச்சல் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், "இந்தப் பொண்ணு முந்தானைய நனைச்சுக் கட்டச் சொல்லி இந்தப் பக்கம் இட்டுனு வரலன்னா, நாங்களும் தெருவுல ஓடுனவுங்க பின்னாலயே ஓடியிருப்போம் நைனா," என்றார். யாரோ உள்ளே போய் வால்வை மூடினார்கள். நல்லவேளையாக யாருக்கும் உயிர் போகவில்லை. எனக்குத்தான் பல நாள் தொண்டை கட்டிக்கிடந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் அவள் மார்க் போடவில்லை.

தொண்டை சரியானபிறகு, வீட்டிலேயே அடைந்து கிடந்தால் பயம் குடியேறிவிடும் என்று நானே அவளை வற்புறுத்தி ஆரம்பாக்கம் கூட்டிப்போனேன். சின்னக் கடைத்தெரு, நல்ல வெயில். காற்றைப் பார்க்கவே கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு, பூக்கடையைக் காட்டினேன், சுடச்சுட வடை போடும் கடையைக் காட்டினேன். அவள் நிமிர்ந்து கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "எவ்ளோ மார்க்?"

"ரெண்டு பக்கமும் சந்து தொறந்து கீது. ஓடறதுக்குத் தோதா கீது. எட்டு குடுக்கலாம்," என்றாள்.

அந்தத் தெருவில் ஒரு வளையல் கடை இருந்தது. வாசல் முழுக்கக் கண்ணாடி வளையல்களைச் சரம்சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஒட்டித்தான் இரண்டு முறை நடந்தோம். அவள் பார்க்கவே இல்லை.