லானின் அப்பாவைக் குளிப்பாட்டிய காலை

அன்று எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து உடுத்தினேன். 2008 டிசம்பர். வடக்கு வியட்நாமில் தாய் ங்குயென் என்ற தேயிலை மாவட்டம். சிறு தோட்டக்காரர்களுக்கான பயிற்சிக்கு இலங்கையின் சப்ரகமுவையிலிருந்து போன குழுவில் நானும் இருந்தேன். எங்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணின் பெயர் லான். முதல் நாள் மாலை அவர், "நாளைக்கு எங்கள் அப்பாவுக்குச் செய்கிறோம், விடியும் முன் வாருங்கள்" என்று அழைத்திருந்தார். அப்பா இறந்து மூன்று வருடம். திவசம், படையல், சாப்பாடு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நம் பக்கத்தில் வேறு என்ன செய்வோம்?

கஹவத்தையிலிருந்து வந்திருந்த புஷ்பம் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க மிஸ், ஒங்கள பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"படையலுக்குக் கூப்பிட்டிருக்காங்க அக்கா. பழைய சீலையிலயா போறது?"

எனக்கு அந்த வாரம் முழுக்க மனம் படையலிலும் கல்லறையிலும்தான் இருந்தது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அம்மாவைப் புதைத்து நான்கு வருடமாகிறது. அடையாளத்துக்கு ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் தம்பி போன் பண்ணினான். "பழைய ரப்பர வெட்டிட்டு மறுநடவு செய்யப் போறாங்களாம்க்கா. மெஷின் வருதாம். செத்தவங்களுக்கு எதுக்கு இவ்வளவு எடம்னு தொரை கேக்கிறாரு." போனை வைத்துவிட்டுப் பெட்டி அடுக்கினேன்.

லானின் வீட்டில் சமையல் வாசனை வந்தது. கறுவா, அன்னாசிப்பூ. நம் வீட்டு இறைச்சிக் குழம்புக்குத் தாளிக்கிற அதே வாசனை. எனக்குப் பசித்தது. ஆனால் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் கொதித்தது குழம்பில்லை, அவற்றைப் போட்ட தண்ணீர். அதைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தேயிலைக்குள் இறங்கினார்கள். நாங்களும் பின்னால் போனோம்.

ஒரு மண்மேட்டுக்கு மேலே நீல நிறப் பிளாஸ்டிக் படங்கு கூரையாகக் கட்டியிருந்தது. எலும்பில் வெயில் படக்கூடாதாம். லானின் அண்ணன் கைகளில் சாராயத்தைத் தடவிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பலகையைப் பெயர்த்தார். குனிந்து இரண்டு கைகளாலும் எதையோ எடுத்து லானிடம் நீட்டினார்.

மண்டை ஓடு.

நான் பின்னால் நகர்ந்து ஒரு தேயிலைச் செடிமேல் சாய்ந்துவிட்டேன். புஷ்பம் அக்கா என் கையை இறுகப் பிடித்தார். "மாதாவே! என்னங்க மிஸ் இது, தோண்டி எடுக்கிறாங்க!" லான் அழவில்லை. அந்த வாசனைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினார், ஏதோ பேசிக்கொண்டே. என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். "தண்ணீர் சூடு போதுமா அப்பா என்று கேட்டேன்" என்றார்.

ஒரு சின்ன விரல் எலும்பு கிடைக்கவில்லை. அது இல்லாமல் மூடமாட்டார்களாம். பெண்கள் குழியிலிருந்து இறைத்த சேற்றைக் கூடைகளில் போட்டு அலசினார்கள். லான் என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு கூடையை என் முன்னால் தள்ளினார். எப்படி உட்கார்ந்தேன் என்று இன்னும் தெரியவில்லை. பட்டுச் சேலை சேற்றில் கிடக்க, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். கடைசியில் லானின் அத்தைக்குத்தான் அகப்பட்டது. அத்தை அதைத் தூக்கிக் காட்டி, "சாகும்வரை எங்களை அலையவிட்டவன், இப்போதுமா!" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த சேற்றைக் கூடையில் வழித்துப் போட்டேன்.

காலிலிருந்து தலைவரை வரிசையாக அடுக்கினார்கள். நம் சூட்கேஸ் அளவு சுட்ட மண் பெட்டி. அதில் ஒரு ஆள் முழுதாக அடங்கிவிட்டார். அதை மேட்டில், தண்ணீர் நிற்காத இடத்தில் மறுபடி புதைத்தார்கள்.

பிறகு கோழியும் பசையரிசிச் சோறும் பரிமாறினார்கள். புஷ்பம் அக்கா, "எனக்கு எறங்காதுங்க" என்று தேநீர் மட்டும் குடித்தார். அம்மா போய் நான்கு வருடம் என்று லானிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் அம்மாவை எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டார். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை, புதைத்தால் புதைத்ததுதான் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. காலையில் என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி.

"நான்கு வருடமாக ஈரத்திலா விட்டு வைத்திருக்கிறீர்கள்?"

போக நினைப்பவர்களுக்கு: ஹனோயிலிருந்து தாய் ங்குயென் எண்பது கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும், நம் காசில் இருநூறு ரூபாய் அளவில். விசாவைப் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள். டிசம்பரில் குளிரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவடை முடிந்து அவர்களுடைய வருடம் பிறக்கும் வரை, வடக்கில் பல குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. யாராவது அழைத்தால் போங்கள், படம் எடுக்காதீர்கள். பட்டுச் சேலை வேண்டாம்.

திரும்பி வந்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் குரோட்டனைச் சுற்றியிருந்த ரப்பர் மரங்களில் வெட்டுவதற்கான வெள்ளைச் சுண்ணாம்புக் குறி. "என்னக்கா செய்யிறது, நம்ம கையில என்ன இருக்கு?" என்றான் தம்பி. நான் செடியின் அடியிலிருந்த களையைப் பிடுங்கினேன். அவன் வலைப்பூ எல்லாம் படிக்கிறவன் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அனுமதி எங்கே கேட்க வேண்டும் என்று நாளை விசாரிக்கப் போகிறேன். வரக்காப்பொலவில் என் வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு அப்பால், தண்ணீர் நிற்காத இடம் கொஞ்சம் இருக்கிறது. மெஷின் வரும் முன் அம்மாவை எடுத்துவிடுவேன். ஒரு நீலப் படங்கும் கறுவாவும் வாங்கி வைத்திருக்கிறேன். குழிக்குள் இறங்க வேண்டியது தம்பிதான். அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.