றைஸா விடாத சொல்

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. புத்தளத்தில் என்னிடம் ஆங்கிலம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கொஞ்சத்தையும் தின்று தீர்த்தவள் றைஸா.

மதுரங்குளியில் அபாயா தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. கல்யாணம் முடிந்த கையோடு புருஷன் ஸஜீத் லண்டனுக்குப் போய்விட்டான். அவனிடம் போக விசா வேண்டும். விசாவுக்குக் கொழும்பில் ஆங்கிலம் பேசிக் காட்டும் சோதனையில் சித்தியடைய வேண்டும். ஒருமுறை போய்த் தேறாமல் திரும்பிவிட்டாள். மறுபடி எழுந்து நிற்கத்தான் என்னிடம் வந்தாள்.

கெட்டிக்காரி. நேற்று நடந்ததைக் கேட்டால் பொரிந்து தள்ளுவாள். நாளைக்கு என்று தொடங்கினால் மட்டும் வாய் கட்டிக்கொள்ளும்.

பலகையில் எழுதி விளக்கினேன். இப்போது நினைத்து இப்போதே சொல்வதற்கு 'வில்'. முன்பே முடிவு செய்ததற்கு 'கோயிங் டு'. டிக்கட்டும் எடுத்தாயிற்று என்றால் 'ஐ ஆம் ஃப்ளையிங் ஒன் மண்டே' போதும். நாமும் 'திங்கக்கிழமை போறேன்' என்றுதானே சொல்கிறோம். ரயில் நேரத்துக்கு 'த ட்ரெய்ன் லீவ்ஸ்'. "நம்மட ரயில நம்பியா டீச்சர்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது.

"றைஸா, நீ சொல்லு. வார கிழமை என்ன செய்யப் போறாய்?"

"ஐ ஆம் கோயிங் டு..." நின்றுவிட்டாள். உதடு அசைந்தது. "இன்ஷா அல்லாஹ்... விசிட்... மை..." அல்லாஹ் நாடினால் என்ற அந்தச் சொல் நடுவில் புகுந்ததும் வசனம் சிதறிப் போனது.

"அல்லாவே! நானும் சொல்றதுதான் புள்ள. சோதனையில மட்டும் மனசுக்குள்ள சொல்லன். அவங்க மணியப் பார்த்துக்கொண்டு இருப்பாங்க."

"ஏலாது டீச்சர். வாயால சொல்லாட்டி நெஞ்சு அடைக்குது."

என்ன பிடிவாதம் இது என்று அதட்டினேன். அப்போதுதான் தன் உம்மாவின் கதையைச் சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆயுதம் ஏந்திய இயக்கத்தார் மன்னார் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது, அவளுடைய உம்மா உம்மு குல்சூம் பக்கத்து வீட்டு மேரியிடம் வேலிக்கு மேலால் சொன்னாராம்: "கோழிக்குத் தீன் போடுங்க, வெள்ளிக்கிழமை வந்திடுவம்." அந்த அவசரத்தில் இன்ஷா அல்லாஹ் சொல்ல மறந்துவிட்டார். அவர்கள் திரும்பிப் போகவே இல்லை. புத்தளத்து முகாமில்தான் றைஸா பிறந்தாள். அந்த வீட்டில் நாளையைப் பற்றி யாரும் அந்தச் சொல் இல்லாமல் பேச முடியாது. பேசினால் உம்மா தொடையில் கிள்ளிவிடுவார்.

"துவக்கோட நின்டவன் உன்ட உம்மாட கதையைக் கேட்டா முடிவெடுத்தான்?" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர். என்ட வாய்க்குத்தான் தெரியுதில்ல."

நான் விடவில்லை. வகுப்புக்கு வந்த நாளெல்லாம் அதட்டினேன். புருஷனிடம் போக ஆசை இல்லையா என்றுகூடக் கேட்டேன். பாவம், கண் கலங்கினாள். கடைசியில் ஒருநாள் அந்தச் சொல் இல்லாமலே வசனம் முழுசாக வந்தது. கதிரையில் இருந்தபடி மேசைக்குக் கீழே தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை சோதனையில் சித்தி. விசாவும் வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

புறப்படும் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேன் நின்றது. உம்மு குல்சூம் அழவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "எப்ப மகள் வருவாய்?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த பெருநாளைக்கு வந்திடுவேன் உம்மா."

தங்குதடை இல்லை. நான் பழக்கிய மாதிரியே சொன்னாள். உம்மா இன்னும் ஏதோ வரப் போகிறது என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சாரதி கதவை இழுத்துச் சாத்தினான். வேன் நகர்ந்தது.

எனக்கு நெஞ்சு அடைத்தது. என்ன வேலை பார்த்து வைத்தேன் நான்! செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வேனுக்குப் பின்னால் ஒழுங்கையில் ஓடினேன்.

"றைஸா! இன்ஷா அல்லாஹ் சொல்லு புள்ள! இன்ஷா அல்லாஹ்!"

கண்ணாடி ஏற்றியிருந்தது. வேன் சந்தியில் திரும்பிவிட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். உம்மு குல்சூம் என் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சொல்லிட்டீங்கதானே டீச்சர், அது போதும்," என்றார்.