டானூபில் எறிந்த சிலுவை

1912 ஜனவரி. மகள் விஷயத்தில் டாக்டர் கைவிரித்த மறுநாள், தேவாலயப் பக்கமே எட்டிப் பார்க்காத அமெதே வாத்தியார், இயேசு திருமுழுக்குத் திருநாளில் பாதிரியார் ஆற்றில் எறியும் சிலுவையை எடுக்க டானூபில் குதிக்கப்போகிறாராம் என்று ஆற்றங்கரை லோம் ஊரெல்லாம் பேச்சு.

அவர் சுவிஸ்காரர். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கப் பல்கேரியாவுக்கு வந்து, வெலிகாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே வேர்விட்டவர். முதல் ஒலிம்பிக்கில் இந்த நாட்டின் பேரில் ஏதென்ஸ் போனார். யானைக்கும் அடி சறுக்கும். இணைகம்பியிலிருந்து விழுந்து வெறுங்கையோடு திரும்பினார். அதை மறைத்ததும் இல்லை. "தோத்துட்டு வா, பரவாயில்ல. விட்டுக் கொடுத்துட்டு வந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்று பையன்களை விரட்டுவார்.

இப்போது கடைக்குட்டி ஸ்லாவ்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது.

"பாதிரியார் எறியற சிலுவையை எடுத்தவன் வீட்ல நோய் தங்காதுங்க" என்று வெலிகா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆனா போட்டி போட்டு எடுக்கணும். பாவம் பார்த்து யாராவது விட்டுக் கொடுத்தா பலிக்காது."

போக்கிடம் இல்லாதவன் நம்பாமல் என்ன செய்வான்? நம்பினார்.

சிலுவை விழுந்ததும் எல்லோரும் குதித்தார்கள். ஐம்பது வயது உடம்பு விறைத்தது. ஆனாலும் அவரே முன்னால் போனார். சந்தேகப்பட்டுத் திரும்பினால், அவரிடம் நீச்சல் பழகிய கமென் சும்மா தண்ணீரை அளைந்துகொண்டிருந்தான். மற்றவர்களும் அப்படியே.

"டேய், நீந்துங்கடா!"

"நீங்களே எடுங்க வாத்தியாரே. பாப்பாவுக்குத்தானே."

"விட்டா பலிக்காதுடா! உன் காலைப் பிடிக்கிறேன் கமென், முந்துடா என்னை!" தண்ணீரை விழுங்கிக்கொண்டே கெஞ்சினார்.

கமென் வந்தான். வாத்தியார் உயிரைக் கொடுத்து நீந்தினார். ஒரு சாண் முந்திப்போய்ச் சிலுவையைப் பிடித்தது கமெனின் கை.

எடுத்தவன் சிலுவையை வீடுவீடாகக் கொண்டுபோவது வழக்கம். கமென் முதலில் வாத்தியார் வீட்டுக்குத்தான் ஓடிவந்தான். வெலிகா அதைப் பிடுங்கிக் குழந்தையின் நெஞ்சில் வைத்துவிட்டு அவனை ஓங்கி அறைந்தாள். "ஒரு சாண் விட்டிருக்கக் கூடாதாடா, பாவி!"

"அவனை அடிக்காதே. நான்தான் முந்தச் சொன்னேன்."

வெலிகா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "எடுத்துட்டு வந்து, ஜெயிச்சேன்னு என்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கலாமேங்க. நான் நம்பியிருப்பேனே."

ஆற்றில் அவருக்கு அந்த யோசனை வரவே இல்லை. கட்டிலருகே மண்டியிட்டு, ஜெபம் எதுவும் தெரியாத வாயால், "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.