பூட்டுக்காரர் தேடிய பள்ளிக்கூட வரலாறு

கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடப்பார். பிறகு திரும்பி வந்து பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இதனாலேயே பூட்டுக்காரருக்குத் தெருவில் ‘ரெண்டுதரம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் தடவை இழுத்துப் பார்க்காதவர்களால்தான் தன் பிழைப்பு ஓடுகிறது என்பார்.

மாற்றுச் சாவி போட யார் வந்தாலும், “இது உங்க வீட்டுச் சாவிதானா?” என்று மேலும் கீழும் பார்ப்பார். திருட்டுத்தனமாகச் சோப்புக்கட்டியில் சாவி அச்சு எடுத்துக்கொண்டு வருகிறவன் அவர் கடைப் படியேற முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விழுங்கியதும் கிடையாது. தன் விஷயத்திலும் அதே கறார்தான். சாவி தொலைத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து கொடுத்தால், பூட்டு விடுபடும் சத்தம் கேட்டதுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். உள்ளே இருப்பது தங்கமோ தகரமோ, தன் கண்ணில் படக்கூடாது. நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் ஊர் முதலில் கைநீட்டுவது பூட்டுக்காரனைத்தானே!

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் ஒரே ஒருத்தியை மட்டும் முழுசாக நம்பினார். அது அவருடைய அக்கா. அம்மா இறந்தபோது அவருக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயசு. அன்றிலிருந்து அக்காதான் எல்லாம். தையல் மிஷினை மிதித்தே தம்பியை ஆளாக்கினாள்.

அப்பா பழைய பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருந்தவர். பாதியில் வேலையை விட்டுவிட்டார். “அப்பாவுக்கு முட்டி வலிடா, நிக்க முடியல” என்று அக்கா காரணம் சொல்லியிருந்தாள். முட்டி வலிக்காரர் அதற்கப்புறம் எப்படிக் கிடங்கில் மூட்டை தூக்கினார் என்று நம் ரெண்டுதரத்துக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அக்கா சொன்னால் சரிதான். கடைசிக் காலத்தில் அப்பா அக்கா வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், “பள்ளிக்கூடத்துலேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா?” என்று கேட்பார். வயசானால் புத்தி பழைய இடத்துக்கே ஓடும்போல என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டார்கள்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து, சாவி போட வந்த ஒரு பெரியவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“நீங்க அந்த வாட்ச்மேன் மகன்தானே? பள்ளிக்கூடத்து நூற்றாண்டு விழாவுக்கு வரலாறுன்னு ஒரு புத்தகம் போட்டாங்களே, அதுல உங்கப்பா வர்றாரு.”

“என்னன்னு வர்றாரு?”

“படிச்சு ரொம்ப நாளாச்சுங்க. அந்த வெள்ளிக் கோப்பை சமாச்சாரம்...” என்று இழுத்தவர், பஸ் வந்துவிடவே சாவியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

வெள்ளிக் கோப்பை, வாட்ச்மேன், கையில் சாவிக்கொத்து. பூட்டுக்காரர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். அப்பா திருடரா? அவருக்குச் சோறு இறங்கவில்லை. நேரே அக்காவிடம் போய் நின்றார்.

“அப்படி ஒரு புத்தகமே கிடையாது. யாரோ உன்னை வம்புக்கு இழுக்கறாங்க. போய் வேலையைப் பாரு” என்றாள் அக்கா, மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

பாவம், அக்காவுக்கு விவரம் தெரியாது என்று எண்ணிக்கொண்டு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே கிளார்க் காது குடைந்துகொண்டே, “மிச்சம் இருந்த கட்டெல்லாம் ஸ்டோர் ரூம்ல மழைத் தண்ணி பட்டுக் கூழாயிடுச்சு” என்றார். ஆபீசில் ஒன்றாவது இருக்குமே என்றதற்கு, “இருந்துச்சு. யாரோ படிக்க வாங்கிட்டுப் போனாங்க, திரும்பி வரல. ஆமா, நீங்க எதுக்குக் கேக்கறீங்க?” என்றார். அந்தக் கேள்வி ஒன்று போதாதா? கிளார்க் எதையோ மறைக்கிறார் என்று முடிவுகட்டினார் நம்மவர்.

நூலகத்தில் புத்தகம் இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது. எழுதிய ஆசிரியர் உயிரோடு இல்லை. அவருடைய மகள் கதவைப் பாதிதான் திறந்தாள். “ஒரே ஒண்ணு இருந்துச்சுங்க. ஒரு அம்மா வந்து கெஞ்சிக் கேட்டாங்க, குடுத்துட்டேன்.”

இப்போது அவருக்குச் சந்தேகமே இல்லை. யாரோ வேலைமெனக்கெட்டு ஊரிலுள்ள பிரதிகளையெல்லாம் அள்ளுகிறார்கள். பழைய தலைமையாசிரியர் வீட்டுப் பெண்ணா? தாளாளர் குடும்பமா? அப்பா தலையில் பழியைப் போட்டுவிட்டுக் கோப்பையை அமுக்கியவன் பரம்பரையா? தெருவில் எதிர்ப்பட்ட பெண்களையெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

கடைசியில் பழைய புத்தகக் கடைக்காரரிடம் போனார். ஏணிமேல் நின்றிருந்தவர் அங்கிருந்தே சிரித்தார்.

“அதுவா? எப்ப வந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லி ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. போன மாசம்கூட ஒண்ணு வந்துச்சு, வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“எந்த அம்மா? பேர் என்ன?”

“பேரெல்லாம் கேக்கறதில்லைங்க. வயசானவங்க. திரைச்சீலைத் துணியில தச்ச பை வச்சிருப்பாங்க, பச்சைக் கோடு போட்டது.” அவர் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கினார். “அட, உங்க கையில இருக்கே, அதே பைதான்.”

பூட்டுக்காரர் குனிந்து தன் கருவிப் பையைப் பார்த்தார். அது அக்கா தைத்துக் கொடுத்தது. மீந்த துணியில் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. முன்பு ஒரு தடவை கட்டிலடித் தகரப்பெட்டியின் சாவியைத் தொலைத்துவிட்டு அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். திறந்து கொடுத்தது அவர்தான். பழக்க தோஷம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். புதுப் பூட்டு ஒன்றையும் அன்பளிப்பாக மாட்டிவிட்டு வந்தார்!

“பெட்டிச் சாவியைக் குடு” என்றார் உள்ளே நுழைந்ததும்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மிஷின் டிராயரிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை. ஒரே அட்டை போட்ட புத்தகங்கள், ஏழெட்டு இருக்கும், பழைய புடவையில் சுற்றிக் கிடந்தன.

“விழாவுக்குத் தோரணம் தச்சுக் குடுத்தேன்னு எனக்கு ஒண்ணு குடுத்தாங்கடா. அப்பா காலத்துக் கதையைப் புரட்டினேன். போட்டிருக்கான், திருடன்னு. முட்டி வலின்னு அப்பா சொன்னதைத்தான் அதுவரைக்கும் நானும் நம்பியிருந்தேன். அப்பா அப்போ இந்தக் கட்டில்லதான் கிடந்தாரு. அவர் கண்ணுல படக்கூடாது, உன் கண்ணுலயும் படக்கூடாதுன்னு...”

அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். ஆண்டு விழா முடிந்ததும் வெள்ளிக் கோப்பையைக் காணவில்லை என்றும், சாவி வைத்திருந்த வாட்ச்மேன் திருடியதாகக் கூறி நீக்கப்பட்டார் என்றும் இருந்தது. பக்கம் அங்கே முடிந்தது. பக்கத்தைத் திருப்பினார். பிறகு சத்தமாகப் படித்தார்.

“பல ஆண்டுகளுக்குப் பின் பழைய ஆய்வுக்கூடத்தை இடித்தபோது அக்கோப்பை ஒரு மரப்பெட்டிக்குள் கிடைத்தது. மெருகு போடுவதற்காக ஆசிரியர் ஒருவர் எடுத்து வைத்து, மாற்றலாகிப் போகையில் மறந்துவிட்டிருந்தார். வாட்ச்மேன் குற்றமற்றவர். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது.”

கடமைப்பட்ட பள்ளிக்கூடம் நாலு தெரு தாண்டி வந்து மன்னிப்புக் கேட்டபாடில்லை. அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும்.

“நீ பக்கத்தைத் திருப்பவே இல்லையா அக்கா?”

“அந்த வரிக்கு மேல முடியலடா. மூடி வச்சுட்டேன்.”

“அப்பா எடுத்திருப்பாருன்னு நெனச்சியா?”

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “கோப்பை காணாமப் போனப்போ அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தா. கையில காசு இல்ல. எடுத்திருப்பாரோன்னு...”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“ஆமான்னு சொல்லிட்டா என்னடா பண்றது?”

இருவரும் அந்தக் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார்கள். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கோப்பை கிடைச்ச சேதி அப்பா காதுல விழுந்திருக்குமோடா?” என்றாள். “பள்ளிக்கூடத்துலேர்ந்து யாராச்சும் வந்தாங்களான்னு கேட்டுக்கிட்டே கிடந்தாரே. பிடிச்சிட்டுப் போக ஆள் வரும்னு பயப்படறாருன்னு உள்ளுக்குள்ள நெனச்சேன். ‘யாரும் வர மாட்டாங்கப்பா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க’ன்னு தினமும் சொன்னேன்டா.”