சிக்லாப் கடற்கரையில் ஆளில்லாத பன்னிரண்டு படங்கள்

1. இருட்டறைக்கு வெளியே

கேமராவோடு நான் ஸ்டுடியோவை விட்டு வெளியே போன முதல் நாள், ஒரு மனிதரைக்கூடப் படம் பிடிக்காமல் திரும்பி வந்தேன். அதற்காக முதலாளி என்னைப் பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டு எத்தனை நாள் நிலைத்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. எங்கள் ஸ்டுடியோ சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. டார்க் ரூமில் எட்டு வருடமாக வேலை: பிலிம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, ரீடச்சிங் செய்வது. ரீடச்சிங் என்றால் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்துத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பையும் மறைப்பது. என் கை நல்ல கை என்று முதலாளி ரத்தினம் வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். நான் அந்தச் சமயம் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். புது ஆளைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். இருட்டு எனக்கு வசதியாக இருந்தது.

அலாவுதீன் பாய் சிக்லாப்பில் மளிகைக் கடை வைத்திருந்தார். நாகூர் பக்கத்துக்காரர். வியாழக்கிழமை தோறும் மிளகாய், மல்லி வாங்கச் சிராங்கூன் சாலைக்கு வருவார், அப்படியே எங்கள் ஸ்டுடியோவில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் தனியாக இருந்தார். அவர் ஊர்ப்பக்கத்தில் ஆண்கள் கப்பலேறி வருவார்கள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை போய்த் திரும்புவார்கள். பெண்கள் வருவதில்லை, அதுதான் வழக்கம். பாய் அந்த வழக்கத்தை விட்டுவிட்டு மனைவி ஜுலைகாவைக் கூப்பிட்டிருந்தார். அனுமதிக் காகிதமும் வந்துவிட்டது. அந்த அம்மாளின் தம்பி இரண்டு மாதத்தில் வரும் கப்பலில் சிங்கப்பூர் வருகிறார். மனைவி வருவதென்றால் அவரோடு வரவேண்டும். அந்தக் கப்பலை விட்டால், துணைக்கு வர வேறு ஆள் கிடையாது.

ஜுலைகா அம்மாள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஊர் எப்படி இருக்கும் என்று மட்டும் எழுதிக் கேட்டிருந்தார்.

பாய் தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து கடலோரமாகவே பிடோக் பக்கம்வரை நடப்பார். அந்தப் பாதையைப் படமாக எடுத்து அனுப்ப வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தானே வரும். பாய் அதையும் தெரிந்து வைத்திருந்தார்.

"நீங்களும் ஒண்ணுல நில்லுங்க பாய்" என்றார் முதலாளி.

"நான் எதுக்கு? என்னைத்தான் அவளுக்குத் தெரியுமே. ஊரைக் காட்டுங்க."

முதலாளிக்கு அந்த வாரம் ஜொகூரில் ஒரு கல்யாணம். "சாமி, நீயே போயிட்டு வாடா. கடலும் மரமும் உன்கிட்ட என்ன பேசப்போகுது?" என்று என்னை அனுப்பினார்.

மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டை லென்ஸ் கேமரா அது. எதிரே இருப்பவர் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவனுக்கென்றே செய்ததுபோல இருந்தது.

விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பள்ளிவாசலில் அப்போதுதான் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு போகும்வரை எதிரே நின்றுவிட்டு எடுத்தேன். அடுத்தது வாதாமர நிழல். அங்கே ஒரு மலாய்க்கார அம்மாள் குவே பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். சாப்பிட வா என்று கையைக் காட்டினார். தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். பலகாரம் தீர்ந்து அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு மரத்தை எடுத்தேன். வலை பழுது பார்க்கிற சீனக் கிழவர் காப்பி குடிக்க எழுந்த பிறகு அவர் படகை எடுத்தேன். இப்படியே பன்னிரண்டு இடமும் முடிந்தபோது மதியம் தாண்டிவிட்டது. தண்ணீர் வற்றிக் கடல் வெகுதூரம் போயிருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு படத்தில், தூரத்தில் ஒரு சைக்கிள்காரர் இருந்தார். நெகட்டிவில் பென்சிலால் நிரப்பி அவரையும் மறைத்தேன். மணலோடு மணலாகப் போனார்.

முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஈ காக்கா இல்லாம எடுத்திருக்கடா. காலண்டருக்கே போடலாம்" என்றார். பாயும் திருப்தியாக வாங்கி, அன்றே விமானத் தபாலில் அனுப்பினார்.

2. பதில்

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பாய் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். "உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கா" என்று முதலாளியிடம் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் கழுவிய பிரிண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல அக்கா மகன் எழுதிய கடிதம். முதலாளி சத்தமாகப் படித்தார்.

"படம் வந்துச்சு. தெருவுல எல்லாருமா உக்காந்து பார்த்தோம். பள்ளிவாசல்லகூட ஒரு ஆள் இல்லை. மரத்தடியில ஆள் இல்லை, படகுல ஆள் இல்லை. கடல்னு எழுதியிருக்கீங்க, அதுல தண்ணியும் இல்லை, அலையும் இல்லை. அந்த ஊர்ல இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க? நீங்க விடிஞ்சா கடைக்குப் போயிடுவீங்க. நான் யாரோட பேசுவேன்? தம்பி மட்டும் வரட்டும். நான் வரலை."

முதலாளி சிரிக்கத் தொடங்கினார். பாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பாய் கோபப்படவில்லை. கடிதத்தை வாங்கி மடித்தார். "நான் எழுதுனா நம்ப மாட்டேங்கிறா. படத்தைப் பார்த்தா நம்புவான்னு நினைச்சேன். நம்பிட்டா" என்றார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாடிக்கையாளர் இருக்கும்போது நான் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. அங்கே நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்றும், அவர்கள் போகட்டும் என்று நான்தான் காத்திருந்தேன் என்றும் சொன்னேன். சைக்கிள்காரரைப் பற்றியும் சொன்னேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி?"

மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். கப்பலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பாய் போன பிறகு முதலாளி ஒரு புது ரோலை எடுத்துக் கையில் கொடுத்தார். "இந்தத் தடவை ஆளோட எடு. ஆளை எடுக்கணும்னா வாயைத் திறந்து கேட்கணும். கேட்பியா?" என்றார்.

3. மக்சிக் மினா

சிக்லாப் போகும்வரை பஸ்ஸில் ஒரே மலாய் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே போனேன். படம் எடுக்கலாமா, அவ்வளவுதான். சந்தையில் தினமும் மலாய் பேசுகிறவன்தான் நான். ஆனால் பேரம் பேசுவது வேறு, முன்பின் தெரியாத ஒருவரிடம் உன் முகத்தைக் கொடு என்று கேட்பது வேறு.

பள்ளிவாசலில் கேட்கத் துணிவில்லாமல் அதைத் தாண்டிவிட்டேன். வாதாமரத்தடியில் குவே விற்கும் அம்மாள் இருந்தார். நான் கிட்டே போய், அத்தை என்று அழைக்கிற முறையில், "மக்சிக், போலே அம்பில் கம்பார்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்றைக்குக் கொக்கு மாதிரி ஒரு மணி நேரம் நின்றவன் நீதானே, நிலம் அளக்க வந்த சர்க்கார் ஆள் என்று நினைத்து எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் யாரும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடவில்லை என்றார். பிறகு, யாருக்குப் படம் என்று கேட்டார். மளிகைக் கடை அலாவுதீனின் மனைவிக்கு என்றேன்.

"அலாவுதீனுக்கு மனைவியா?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசையிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து வருடமாக அவர் கடையில் சர்க்கரை வாங்குகிறாராம். ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். இங்கே மனிதர்களே இல்லை என்று அந்த அம்மாள் நினைக்கிறார், அதனால் வர மறுக்கிறார், தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தேன்.

அதன் பிறகு நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாளின் பெயர் மினா. கூடையை மூடிவிட்டு எழுந்து, இப்போது எடுக்காதே, தண்ணீர் ஏறட்டும், மதியத்துக்கு மேல் கடல் இந்த வேர்வரை வரும் என்றார். உள்ளே போய்ப் பூப்போட்ட நல்ல பாஜு ஒன்றை உடுத்திக்கொண்டு வந்தார். அந்த இரண்டு பெண்களும் உடுத்திக்கொண்டு வந்தார்கள். வலைக்காரக் கிழவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து படகில் உட்கார வைத்தார். அவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையைப் பின்னினார். எவ்வளவு சொல்லியும் திரும்பவில்லை. பள்ளிவாசலில் மதியம் லுஹர் தொழுகை முடிந்து வந்தவர்களை மினா படியிலேயே நிறுத்தினார். ஏன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவரே பதில் சொன்னார். அலாவுதீனுக்கு மனைவி இருக்கும் சேதி என்னைவிட வேகமாகக் கடலோரம் முழுக்க நடந்தது.

தண்ணீர் வந்தது. கடலுக்குள் கம்புகளை நட்டுக் கட்டிய மீன்பிடிக் கேலோங்கின் காலெல்லாம் முழுகி நின்றது. நல்ல காட்சி. ஆனால் என்னிடம் பிலிம் தீர்ந்துகொண்டிருந்தது. பாய் எழுதிக் கொடுத்த பன்னிரண்டு இடத்தில் நான்கைத் தாண்டுவதற்குள்ளேயே பதினொரு படம் ஓடிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் இன்னும் ஒருவர் வருகிறார், பொறு என்றார்கள். மீதி எட்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு படம்.

அதைப் பிடோக் பக்கம் எடுக்காமல் பாயின் கடைக்குப் போனேன். அவர் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். முன்னால் நான்கு பேர் நின்றார்கள். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். தராசின் முள்ளை அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்துவிட்டேன்.

பிரிண்டுகளைப் பார்த்து முதலாளி தலையில் கை வைத்தார். ஒரு படம் அசைந்து கலங்கியிருந்தது. ஒன்றில் கிழவரின் முதுகு. "கடற்கரை கேட்டா சந்தையை எடுத்துட்டு வந்திருக்க" என்றார். ஆனால் ஒன்றையும் நீக்கவில்லை. மக்சிக் மினாவுக்கு ஒரு பிரிண்ட் அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன்.

4. கப்பல்

பன்னிரண்டும் தபாலில் போயின. பதில் வரவில்லை. நான்காம் வியாழன் பாய் வந்து, நாளை மறுநாள் கப்பல், மச்சானைக் கூட்டிவரத் துறைமுகம் போகிறேன் என்று மட்டும் சொன்னார். மனைவியை என்று சொல்லாமல் மச்சானை என்று மட்டும் அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து நாள் ரீடச்சிங்கில் என் பென்சில் முனை முறிந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் அனுப்பாமல் நானே பஸ் ஏறினேன். எதற்கோ இருக்கட்டும் என்று முதலாளி கேமராவையும் கொடுத்தனுப்பினார்.

கடையில் பாய் இருந்தார். என்னைக் கண்டதும், உள்ளே தொங்கிய திரையைப் பார்த்து, "ஸ்டுடியோத் தம்பி வந்திருக்காரு" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஆளில்லாம எடுத்தாரே, அவரா? ஆளோட எடுத்தாரே, அவரா?"

"ரெண்டும் இவருதான்."

"அப்ப ரெண்டாவது படத்துக்காகத் தேத்தண்ணி குடுங்க."

திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று பேச, நான் இந்தப் பக்கம் நின்று கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. எப்போதும் அந்தப் பக்கம் நிற்பவன் நான்தான்.

பதில் ஏன் வரவில்லை என்று பாய் சொன்னார். படங்கள் போய்ச் சேர்ந்ததே கப்பல் ஏறுவதற்கு ஐந்து நாள் முன்னால்தானாம். பதில் தபால் போவதற்குள் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லி ஜுலைகா அம்மாள் பெட்டியைக் கட்டிவிட்டாராம். வந்த மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பாயிடம் வழி கேட்காமல் நேரே வாதாமரத்தடிக்குப் போய் மக்சிக் மினா முன்னால் நின்றாராம். மினா தன்னிடமிருந்த பிரிண்டை எடுத்துக் காட்ட, இவர் தன் படத்தை எடுத்துக் காட்ட, இருவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்களாம். இவருக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "அப்படி என்னதான் பேசிக்கிறாங்கன்னு எனக்கே தெரியலை தம்பி" என்றார் பாய். வியாழக்கிழமை கடையை விட்டு வர மனமில்லாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுலைகா அம்மாள் கடற்கரைக்குப் போனபோது, ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நானும் போனேன். அவரும் மக்சிக் மினாவும் கடலைப் பார்த்து, நடுவில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முகத்தை எடுக்காதீங்க தம்பி. முதுகை எடுத்துக்குங்க. அக்காவுக்கு என் முதுகு தெரியும்" என்றார் ஜுலைகா அம்மாள், திரும்பாமலே.

நான் குனிந்து கேமராவில் பார்த்தேன். இரண்டு முதுகு, ஒரு குடை, வேர்வரை வந்த தண்ணீர். ஓரத்தில் ஒரு சைக்கிள்காரர் வந்துகொண்டிருந்தார். பழக்கம் விடாமல், அவர் போகட்டும் என்று நின்றேன்.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம். யாருக்காகக் காத்திருக்கீங்க?"

யாருக்காகவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

அந்தக் கடற்கரையில் பிற்பாடு மண் கொட்டிக் கடலைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நானும் டார்க் ரூமை விட்டு வெளியே வந்து, கடலோரமாகவும் ஆற்றோரமாகவும் நிறைய நடந்து நிறையப் படம் எடுத்தேன். காட்சி என்பது ஆட்கள் விலகிய பிறகு மிஞ்சுகிற இடம் அல்ல, அவர்கள் இருக்கும்போதே இருப்பதுதான் என்பது எனக்கு அந்தப் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நான்கு படங்களில் தெரிந்தது. இன்னமும் புது ஆளிடம் கேட்கும்போது குரல் உள்ளே போகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அந்த அக்காவுக்குப் போன படத்தின் நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. இடது ஓரத்தில் சைக்கிள்காரர் பாதி உடம்பும் முன் சக்கரமுமாக இருக்கிறார். நான் பென்சிலை எடுக்கவில்லை.