மெத்தைமேல் கட்டிய கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்கூட்டரில் ஒரு மினி வேனைத் துரத்தினேன். விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு... இந்த வயதில்!

வேனில் இருந்தது திருட்டுச் சாமான் இல்லைங்க. என் தம்பி மகள் காவ்யாவின் சீர்வரிசை.

தம்பி ஏழுமலைக்கு கீழ்பென்னாத்தூரில் விவசாயம். காவ்யா ஒரே பெண். கல்யாணம் முடிந்த கையோடு அவளும் மாப்பிள்ளையும் வேங்கிக்காலில் வீடு பார்த்துவிட்டார்கள். கண்ணாடி பீரோ, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே டிரிப்பில் கொண்டுபோய் இறக்குவதாக ஏற்பாடு. பௌர்ணமி வராத ஞாயிறாகப் பார்த்துத்தான் நாள் வைத்தோம். கிரிவலக் கூட்டத்துக்குள் பீரோவோடு நுழைய முடியுமா என்ன?

சாமான்களை ஏற்றியாயிற்று. டிரைவர் குமார் கயிற்றை எடுத்தார். ஏழுமலை அதை வாங்கிக்கொண்டான்.

"நீ எறங்குப்பா. வருஷா வருஷம் மல்லாட்டை மூட்டை கட்டுறவன் நான். என் பொண்ணு சாமானை நான் கட்ட மாட்டனா?"

வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர்.

"இல்லண்ணா, பீரோவுக்கு மட்டும் தனியா ஒரு கட்டு போட்டா..." என்று குமார் இழுத்தார்.

"அதெல்லாம் அசையாது. நீ வண்டியை ஓட்டு, போதும்."

குமார் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். கண்ணாடி உடையக் கூடாதே என்று பீரோவின் முகத்தில் மெத்தையைச் சாத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினான் ஏழுமலை. மூட்டை கட்டிப் பழகிய கை. ஆனால் மூட்டையும் பீரோவும் ஒன்றா? மூட்டை கயிற்றைக் கவ்விக்கொள்ளும். பீரோ வழுக்கும். மெத்தையோ, அமுங்கும்.

எனக்கே அது லேசாக உறுத்தியது. ஆனால், அன்று காலையிலிருந்து அவன் காவ்யாவின் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. கயிறு, கட்டில், ஸ்க்ரூ என்று எதையாவது பார்த்தே பேசிக்கொண்டிருந்தான். குரல் வேறு ஒரு மாதிரி இருந்தது. பெண்ணை அனுப்பும் அப்பாவிடம் போய், 'கட்டு சரியில்லைடா' என்று யார் சொல்வது?

பால் காய்ச்சுவதற்காக அவன் மனைவியும் மாப்பிள்ளையும் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். வேனில் குமாரும் ஏழுமலையும். பின்னால் என் ஸ்கூட்டரில் நானும் காவ்யாவும். வெயில் அதிகம் இல்லை, நல்ல காற்று. தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்தது. எங்களுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு பைக் வந்து நுழைந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை.

ஒரு ஸ்பீட் பிரேக்கர். வேன் குதித்தது.

"அத்தே... கயிறு தொங்குது பாருங்க!" என்றாள் காவ்யா.

பார்த்தேன். மெத்தை அமுங்கி, கயிறு தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. பீரோவின் தலை எங்களைப் பார்த்து மெல்லக் கும்பிடு போட்டது. அதற்கு நேர் கீழே... அந்தக் குழந்தை.

ஹார்ன் அடித்தேன். குமார் கையை வெளியே நீட்டி, 'போங்க போங்க' என்று மரியாதையாக வழி விட்டார்! இன்னும் பலமாக அடித்தேன். இன்னும் ஓரமாக ஒதுங்கினார்.

காவ்யா அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அப்பா, வண்டியை..."

"மெதுவாதாம்மா போறோம், பின்னாடியே வாங்க. வண்டில போவும்போது போன் பேசாத, டேஞ்சர்!"

கட் பண்ணிவிட்டான். பாதுகாப்பு பற்றி எங்களுக்கு அட்வைஸ்!

காவ்யா போனைப் பையில் போட்டாள். "அத்தே, பைக் பக்கத்துல போங்க." போனேன். "அண்ணா, பின்னாடி போயிடுங்க! பீரோ சாயுது!" என்று கத்தினாள். அந்த மனிதர் முதலில் முறைத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், சரசரவென்று வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிட்டார்.

இனி வேனை நிறுத்த வேண்டும். முன்னால் போய் மறிக்கலாமா? சட்டென்று பிரேக் அடித்தால் எது எந்தப் பக்கம் சரியும் என்று யாருக்குத் தெரியும்? டிரைவர் ஜன்னலுக்கு நேராகப் போய், இருந்த குரலை எல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"குமாரு... பிரேக் அடிக்காத! மெல்ல... மெல்ல ஓரம் கட்டு!"

நல்லவேளை, புரிந்துகொண்டார். வேன் வேகம் குறைந்து, ஊர்ந்து, புளியமரத்தடியில் நிற்கப்போகும் நேரத்தில் மெத்தை நழுவி ரோட்டில் விழுந்தது. பீரோ பின்கதவின் மேல் டமாரென்று சாய்ந்து நின்றுவிட்டது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பீரோவின் கண்ணாடிகூட உடையாமல் தப்பிவிட்டது.

ஏழுமலை இறங்கி வந்தான். சாய்ந்த பீரோவைப் பார்த்தான். பின்னாலேயே வந்து நின்ற பைக்கில் இருந்த குழந்தையைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"மன்னிச்சுக்குங்க. கட்டுனது நான்தாங்க" என்றான்.

"என் வண்டிண்ணா. நான்தான் வுடாம சொல்லியிருக்கணும்" என்றார் குமார்.

"யாருன்னா இருக்கட்டும். முதல்ல மெத்தையைத் தூக்குங்க, பஸ்ஸு வருது" என்றார் பைக்காரர்.

பஸ் வந்தது, நின்றது. பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மெத்தையை அழுத்திப் பார்த்து, "நல்ல மெத்தைங்க, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாரே பார்க்கணும்! ஏழுமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குமார் சீட்டுக்குப் பின்னாலிருந்து அகலமான பட்டை பெல்ட்டுகளை எடுத்தார். லீவரை ஆட்ட ஆட்ட இறுகும் வகை.

"இது இருந்துதா? ஏம்பா அப்பவே எடுக்கல?" என்றேன்.

"எடுக்கத்தான் நெனைச்சேங்க. அண்ணா மூஞ்சியைப் பார்த்தேன்... மனசு வரல."

எனக்கு வந்ததா? எனக்கும்தான் வரவில்லை!

இந்த முறை எல்லோரும் சேர்ந்து பீரோவைத் தூக்கி, கேபினை ஒட்டி நிறுத்தினார்கள். கண்ணாடிப் பக்கம் உள்ளே, நடுவில் ஒரு போர்வை. பெல்ட் பீரோவின் உடம்பிலேயே படும்படி ஒன்று மேலே, ஒன்று நடுவில். மெத்தைக்குத் தனிக் கட்டு. முடிந்ததும் ஏழுமலை மகளைத் திரும்பி நேராகப் பார்த்தான்.

"நீ இழுத்துப் பாரும்மா."

காவ்யா வண்டிமேல் ஏறி, ஒரு காலை ஊன்றி இழுத்தாள். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுப்பா." பண்ணினான். மறுபடி இழுத்தாள். "இப்ப ஓகே." சொல்லிவிட்டு அங்கேயே அப்பா தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அவனும்தான். பஸ் கண்டக்டர் விசில் ஊதாமல் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்.

பிறகு வேங்கிக்கால் வரை ஒரு கரண்டிகூட அசையவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. மாப்பிள்ளை பீரோவைத் தடவிப் பார்த்து, "சின்னதா ஒரு நசுங்கல்கூட இல்லையே மாமா!" என்று பாராட்டினார். குமார் அவசர அவசரமாகப் பெல்ட்டுகளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஊருக்கெல்லாம் அட்வைஸ் சொல்கிறோம். நம் வீட்டு மனிதரிடம் மட்டும், 'இது லூஸா இருக்கே' என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. மனசு நோகுமாம்! நம் மரியாதை எல்லாம் பின்னால் பைக்கில் வருகிற குழந்தைக்குத் தெரியுமா?

அதனால், வண்டி கிளம்பும் முன் கட்டை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கட்டியவர் உங்கள் மாமனாராக இருந்தால்... இரண்டு முறை!