டாக்டரம்மாவுக்கும் பவுனுக்கும் நடுவில்

வடக்கே பிழைக்க வந்த தமிழர்கள் குடிசை போட்டிருக்கும் மதராசி கேம்பில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் பூங்கோதையைத்தான் தேடுவோம். பக்கத்து ஜங்புராவில் வீட்டு வேலை செய்தே இந்தி கற்றவள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்து, நாம் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை நமக்கும் சொல்வாள். அங்கே கேட்டதை வெளியே விடமாட்டாள். அடுத்த குடிசைக்காரி நான், என்னிடமே மூச்சு விட்டதில்லை. அப்படியொரு அழுத்தக்காரி! இந்தக் கதைகூட எங்கள் கேம்புப் பவுனே பிற்பாடு என்னிடம் சொன்னதுதான்.

தொண்ணூற்றெட்டில் பவுனு புருஷன் கலியன் இளைத்துக்கொண்டே போனான். ரத்தத்தைச் சோதித்ததில் எய்ட்ஸ் கிருமி இருந்தது. அதை அவனுக்குத் தமிழில் சொன்னவள் பூங்கோதை. பவுனுக்குத் தெரியவே கூடாதென்று அவன் அங்கேயே அவள் காலைப் பிடித்தான். டாக்டரம்மாவோ, வெளியாள் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஆனால் பெண்டாட்டிக்கும் தொற்றும், அவளையும் சோதிக்க வேண்டும், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றார்.

அங்கேதான் பூங்கோதை குழம்பிப்போனாள். டாக்டர் சொல்லலாம், சரி. நடுவில் நிற்கிறவள் சொல்லலாமா? சொன்னால் நம்பி வந்தவனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் பவுனு கதி? யாரிடம் போய் யோசனை கேட்பாள், கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடுமே. சோறு இறங்காமல் கிடந்தாள். என்னடி என்றால் தலைவலி என்பாள். அந்தப் படுபாவி கலியன் பெண்டாட்டியிடம் சொல்லாமல் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தான்.

கடைசியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட, பவுனையும் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பவுனு முகத்தைப் பார்த்து நிதானமாக எல்லாவற்றையும் இந்தியில் சொன்னார். பவுனுக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். மரியாதைக்கு அச்சா, அச்சா என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மா பூங்கோதையைப் பார்த்து, நான் சொல்லியாயிற்று, இனி நீ சொல் என்றார்.

பெண்டாட்டிக்குப் புரியாமலிருக்க, கலியன் தன் அரைகுறை இந்தியில் பூங்கோதையிடம் கெஞ்சினான்.

"டிபி போல் தோ, தீதி."

அக்கா, டிபி என்று சொல்லிவிட்டால் போதுமாம். ஆனாலும் பூங்கோதை பவுனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். உனக்கும் இன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பவுனு அழவில்லை. புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"போன மாசத்துலேர்ந்து."

"தெனம் காத்தால தண்ணி லாரிக்கு எங்கூடத்தானக்கா நின்ன?"